அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கும் வரி

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான். முப்பது வருஷமாக ஆட்டோவின் கைப்பிடியைத் திருகிப் பழகிய விரல்கள் பேனாவையும் திருகத்தான் பார்க்கின்றன. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. பிழை பார்த்துத் தருகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

என் வயசுக்காரர்களான உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முதுநகர் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சலூன் வாசலில் நின்று குத்துச்சண்டைக் கதை கேட்டவர்கள் நீங்கள். போன மாதம் கோவில் மண்டபத்தில் நம் பையன்கள் வைத்த படக் கண்காட்சிக்கும் வந்திருந்தீர்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் குறை இல்லை. யார் யார் வீட்டுப் பரணிலோ கிடந்த படங்களைத் தேடியெடுத்து, கரையான் தின்றது போக மிச்சத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

வாசலிலிருந்து மூன்றாவது படம் என் அப்பா. வெற்று மார்பு. கையில் துணி சுற்றியிருக்கிறார். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. படத்துக்குக் கீழே கம்ப்யூட்டர் எழுத்தில் ஒரு வரி: ‘யாரும் வீழ்த்தாத இந்த வீரரைக் குடி வீழ்த்தியது.’

திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அந்தக் காலத்தில் நம் ஊர் ரசிகர்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான். எழுபத்தைந்தைத் தாண்டியும் குரல் உடையவில்லை. “எங்க மச்சான் எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா? ஆனா ஒரு நாளு சிதம்பரத்துல, நல்லா ஏத்திக்கிட்டு வந்து, எது தன் புள்ள, எது எதிராளின்னு தெரியாம, எதிராளி புள்ளையக் கட்டிப்புடிச்சிகிட்டு அழுதாரே, பாக்கணும்!” என்றார். மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நின்றிருந்தேன். அந்தப் புள்ள நான்தான் என்று பலருக்கு மறந்துபோயிருக்கும்.

அப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை. அந்த வரியைப் படத்தின் கீழிருந்து எடுக்க வேண்டும். மண்டபத்தில் கையைத் தூக்கிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம். பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது அரிசி மண்டிக்குப் பின்னால் இருந்த காலி இடம்தான் நம் மைதானம். மரவாடியிலிருந்து மரத்தூள் வாங்கி வந்து சாக்கில் திணித்து, வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். குத்தினால் சாக்கின் இடுக்கிலிருந்து தூள் பறந்து கண்ணில் விழும். பல்லுக்குக் கவசம் சைக்கிள் டியூபை வெட்டி மடித்தது. அந்த ரப்பர் வாசனை இன்றைக்கும் பஞ்சர் கடைப் பக்கம் போனால் என் நாக்கில் வருகிறது. மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டே ஜோடி கிளவுஸ். கிழிந்த இடத்தை மீன் வலை நூலால் தைத்திருப்பார்கள். பழைய வியர்வை ஊறி, உள்ளே கை விட்டால் ஈரத் தவளையைப் பிடித்த மாதிரி இருக்கும். அவையெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்காட்சியிலும் தேடினேன், இல்லை.

அப்பா சண்டை போட்டதை நான் பார்த்ததில்லை. நான் பிறக்கும்போதே விட்டுவிட்டார். ஆனால் சலூனில் ஞாயிறுதோறும் அவர் பத்து முறை சண்டை போடுவார். சலூன்கார அண்ணன் கத்திரியை நீட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவார். பாதி முடி வெட்டியவர் நாற்காலியில் காத்திருப்பார். அப்பாவின் பெருமை குத்துவதில் இல்லை, வாங்குவதில். எத்தனை அடி விழுந்தாலும் முட்டி மடங்காது. எதிராளி குத்திக் குத்திக் கை ஓய்ந்த பிறகு இவர் ஒன்று கொடுப்பார், அவ்வளவுதான் சண்டை. ரிங்கைச் சுற்றி நிற்பவர்கள், “தலைல வாங்கு மச்சான், தலைல வாங்கு!” என்று கத்துவார்களாம். அவரும் தலையைக் கொடுப்பாராம்.

அப்பா சலூனுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் விரலை மடக்கி அவர் மண்டையில் தட்டிப் பார்ப்பார்.

“கருங்கல்லுடா இது!”

“மெதுவாத் தட்டுடா, உன் விரலு போயிடப் போவுது.”

அப்பாவும் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்து கொடுப்பார். எனக்கும் அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது. நானும் தட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் அவருடைய கை நடுங்க ஆரம்பித்திருந்தது. டீக்கடையில் அவருக்கு மட்டும் கிளாஸில் பாதிதான் ஊற்றுவார்கள். பேச்சு வாய்க்குள் உருண்டு வரும். உப்பனாற்றுப் பக்கம் மூட்டை தூக்கப் போனவர் திரும்பி வரும்போது சந்து மாறிப் போய் யார் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டிருப்பார். ஒரு நாள் கடைத்தெருவில் “அப்பா” என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலத் தாண்டிப் போய்விட்டார்.

முன்பு குடித்தவர்தான், மறைக்கவில்லை. ஆனால் நான் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய அன்றைக்கு நிறுத்தினார். பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு நிறுத்தினார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. வீட்டிலும் நம்பவில்லை.

“ஊது பாப்பம்,” என்பாள் அம்மா, அவர் வாசலில் நிற்கும்போதே.

அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து ஊதுவார்.

“நாத்தம் இல்ல. அப்ப என்ன எழவைக் குடிச்ச? வாசம் வராததா ஏதாவது வந்திருக்கா?”

“குடிக்கலடி.”

“குடிக்காதவனுக்கு ஏன் கை இப்படி ஆடுது?”

அவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்.

மாசி மாதத்தில் மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். பங்குனியில் சிதம்பரத்தில் சண்டை. பெரியவர்கள் சண்டைக்கு முன்னால் சின்னப் பையன்கள் சண்டை ஒன்று. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து விளையாட்டு விடுதிக்காரர் ஒருவர் வருகிறார். ஜெயிக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு போவார். ஆறாவதிலிருந்து படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் அங்கேயே.

“தினம் ஒரு முட்டைடா,” என்றார் மாமா. “பாலு வேற.”

முட்டையை விட எனக்கு ஆறாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதே கஷ்டம். மே மாதத்தோடு என்னைச் சைக்கிள் கடையில் விடுவதாக அம்மா பேசி முடித்திருந்தாள். எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஆறாவதில் வடிவியல் பெட்டி தருவார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தக் காம்பஸைக் கனவில்கூடப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த இரண்டு மாதமும் மரத்தூள் சாக்கைக் குத்தியபோதெல்லாம் நான் குத்தியது சைக்கிள் கடையை.

நம் ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு பையன் முதல்முதலாக ரிங்கில் ஏறும்போது அவன் மூலையில் துண்டு பிடிக்க வேண்டியவர் அவனுடைய ரத்த உறவு. பையன் தாங்கமாட்டான் என்று தெரிந்தால் துண்டை ரிங்குக்குள் வீசலாம். வீசினால் சண்டை முடிந்தது, தோல்வி. அந்தத் துண்டை வேறு யாரும் தொடக்கூடாது. மாமா ரத்த உறவுதான் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பன் உயிரோடு இருக்கும்போது மாமன் கையில் துண்டா என்றார்கள். இந்த விழாத மனிதர் மகனுக்குத் துண்டு பிடிப்பதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசஞ்சர் ரயில். ஒரு பெட்டி முழுக்க நாம்தான். தவில்காரர் ஒருவர்கூட ஏறியிருந்தார். ஆலப்பாக்கத்திலேயே புளிச்சாதப் பொட்டலம் பிரித்தாகிவிட்டது. என்னைத் தின்ன விடவில்லை. எடை கூடிவிடுமாம். அப்பா ஜன்னலோரம், பக்கத்தில் மாமா, எதிரில் நான். இதைக் கவனமாக எழுதுகிறேன்: முதுநகரில் ஏறியதிலிருந்து சிதம்பரத்தில் இறங்கியது வரை அப்பா அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியபோது என் முட்டியைத் தட்டி, “தலைல மட்டும் வாங்காதடா தம்பி,” என்றார். மாமா சிரித்தார். “யாரு சொல்றது பாரு!” என்றார்.

மைதானத்தில் ஓலைப் பந்தல். மண்ணைக் கொட்டி மேடாக்கி நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். உச்சி வெயில். எனக்கு எதிராளி கீரப்பாளையத்துப் பையன், என்னை விட அரை சாண் உயரம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பனியன், நீலக் கால்சட்டை. அங்கேயே கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் மொட்டைத் தலை மாதிரி முடி வெட்டியிருந்தது. நான் எண்ணெய்ச் சட்டிக் கறுப்பு, அவனும் அப்படித்தான்.

முதல் ரவுண்டு சமம். இரண்டாவது ரவுண்டில் அவன் கையை நீட்டி நீட்டிக் களைத்துவிட்டான். நான் உள்ளே புகுந்தேன். என் வலது கை அவன் மூக்கில் நேராக விழுந்தது. ரத்தம் பனியனில் கொட்டியது. நம் ஆட்கள் எழுந்து நின்று தவிலை அடித்தார்கள். விடுதிக்காரர் ஏதோ குறித்துக்கொண்டதைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தேன். இன்னும் இரண்டு குத்து. அதற்கு மேல் வேண்டியிருந்திருக்காது.

அப்போது துண்டு வந்து விழுந்தது. எங்கள் மூலையிலிருந்து.

எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போனார். கீரப்பாளையத்துப் பையன் முன்னால் முட்டி போட்டு, துண்டை எடுத்து அவன் மூக்கைப் பொத்தி, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“போதும்டா தம்பி. போதும். ரத்தம் வருதுடா. வா, ஊட்டுக்குப் போவலாம்.”

அந்தப் பையன் திமிறினான். அப்பா விடவில்லை. என் பெயரைச் சொல்லி அவனைத் தேற்றிக்கொண்டிருந்தார். நான் இரண்டு முழம் தள்ளி, கிளவுஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். “யோவ், உன் புள்ள அங்க நிக்கறான்யா!” என்று யாரோ கத்தினார்கள். நம் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை, அவர்களுக்கு அவமானம். ரெஃப்ரி எதிராளியின் கையைத் தூக்கப் போனார். மாமா பாய்ந்து வந்து தடுத்தார்.

“நிதானத்துல இல்லாதவன் வீசுன துண்டு செல்லாது! ஆட்டத்தை மறுபடி நடத்தணும்!”

“அந்தாளு குடிச்சிருக்கான்னு யாரு சொன்னது?” என்றார் ரெஃப்ரி.

“பையனைக் கேளுங்க. காலைலேர்ந்து கூடவே இருக்கான்.”

மாமா என் தோளைப் பிடித்துக் குனிந்தார். அவர் மூச்சில் புளிச்சாத வாசனை. “சொல்லுடா. உங்கப்பன் குடிச்சிருந்தானா இல்லியா? ஆமான்னா மறுபடி ஆட விடுவாங்க. இல்லன்னா சைக்கிள் கடைதான்.”

அப்பா அந்தப் பையனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நான் யார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

“குடிச்சிருந்தாரு,” என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அப்பா மறுக்கவில்லை. தன் நடுங்கும் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவிடம், “புள்ள சொல்றான்ல மச்சான். குடிச்சிருப்பேன் போலருக்கு,” என்றார்.

துண்டு செல்லாது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் விடுதிக்காரர் எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டார். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கமாட்டார்கள், ஒரே மாதத்தில் ஓடிவிடுவார்கள் என்று மாமாவிடம் தன்மையாகத்தான் சொன்னார். போகும்போது கீரப்பாளையத்துப் பையனின் பெயரை எழுதிக்கொண்டு போனார். மாமா என் கிளவுஸைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நானாக அப்பாவிடம் பல மாதம் பேசவில்லை. மே மாதம் சைக்கிள் கடைக்குப் போனேன். ஜெயித்துக்கொண்டிருந்தவனைத் தோற்கடித்தது மட்டுமல்ல, அத்தனை பேர் நடுவில் என்னை விட்டுவிட்டு இன்னொருவனைப் பிள்ளை என்று கட்டிக்கொண்டாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பெற்ற மகனே சொன்ன பிறகு மூட்டை வேலைக்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை. எனக்குப் பதினைந்து வயசில் அவர் போய்ச் சேர்ந்தார். சலூன்காரர்கள் மாலை போட்டார்கள். அப்போதும், “குடிதான்டா கெடுத்துச்சு,” என்றார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்குச் சிதம்பரத்தில் பெரியவர்கள் சண்டையில் ஜெயித்தாரே அந்த அண்ணனை, அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் என் ஆட்டோவில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கை நடுங்குகிறது, மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர், உங்களுக்கே தெரியும். டாக்டர் சின்னப் பெண்தான். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “இவுங்க பாக்ஸிங் ஆடுனாங்களா?” என்று கேட்டாள். தலையில் அடிமேல் அடி வாங்கினால் பல வருஷம் கழித்து இப்படி வரும், கை ஆடும், பேச்சு உருளும், முகம் மறக்கும் என்றாள். அந்த அண்ணனின் மனைவி அழுதாள். நான் வெளியே வந்து ஆட்டோவின் பின் சீட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். செம்மங்குப்பம் கம்பெனி ஷிஃப்டு ஆட்களை ஏற்றப் போக வேண்டும் என்பதும் மறந்துபோய்விட்டது.

அப்போதுகூட யாரும் தெரிந்து செய்யவில்லை என்றுதான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கண்காட்சி முடிந்த மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன்.

“மாமா, அன்னிக்கு ரயில்ல அப்பா பக்கத்துல நீங்கதான் உக்காந்திருந்தீங்க. அவரு குடிக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். “தெரியும்டா.”

“அப்பறம் ஏன் என்னைக் கேட்டீங்க?”

“உன்ன எப்படியாவது ஹாஸ்டல்ல சேக்கணும்னுதான்டா.”

“சரி, அப்பறமாவது சொல்லியிருக்கலாமே. இத்தினி வருசமாச்சே.”

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். “தலைல அடி வாங்குனவனுக்கு இப்படி வரும்னு நம்ம ஊருக்கு ஆட்டத்தைக் கத்துக்குடுத்த பெரியவர் அப்பவே சொல்லுவாரு. அதை வெளிய சொன்னா எவன்டா புள்ளைய அனுப்புவான்? குடின்னு சொன்னா அது உங்கப்பனோட போச்சு. குத்துச்சண்டைனு சொன்னா ஆட்டமே போயிடும். எங்களுக்கு அத விட்டா வேற என்னடா இருந்துச்சு?”

கோபப்படத்தான் போனேன். எனக்குக் கோபப்படக்கூடச் சரியாக வராது. அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நம் ஊரில் குத்துச்சண்டை உயிரோடு இருப்பது நம்மால்தான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மைதான். அதற்கு என் அப்பாவின் பெயரைத் தின்னக் கொடுத்தோம் என்பதும் உண்மை. அதில் முதல் கவளத்தை ஊட்டியவன் நான். எனக்குப் பன்னிரண்டு வயசுகூட ஆகவில்லை, என்னைப் பெரியவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லலாம். பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் மறைக்காமல் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இது மாமாவுக்கும் தெரியாது.

சிதம்பரத்திலிருந்து வந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய அப்பா கோவிலுக்குக் கிளம்பினார். பீடத்துக்கு முன்னால் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டோம் என்று அவருக்கு வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. வழி தவறிவிடுவார் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர்தான் என் காதருகே குனிந்தார்.

“தம்பி, எவ்ளோ குடிச்சன்னு சாமியார் கேப்பாருடா. எனக்கு ஒன்னுமே நெனப்பு வரல. நீ பாத்தல்ல, சொல்லு.”

அங்கே மாமா இல்லை. ரெஃப்ரி இல்லை, விடுதிக்காரர் இல்லை. ஜெயிக்கவோ தோற்கவோ ஒன்றும் பாக்கி இல்லை. நீ குடிக்கலப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பார்.

“ரெண்டு கிளாஸ்,” என்றேன்.

“ரெண்டு,” என்று அவரும் சொல்லிக்கொண்டார். முறை வந்ததும், உள்ளே போவதற்குள் மறந்துவிடக் கூடாது என்று, நடுங்கும் வலது கையின் இரண்டு விரல்களை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

எழுதி முடித்தது: தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மாலை, கடலூர் முதுநகர்.